வெள்ளைக் கோடு மேலே வரும்வரை

அன்பு மருமகளுக்கு,

மாமா எழுதுகிறேன். நாங்கள் நலம் என்று எழுத வேண்டும். கை வரமாட்டேன் என்கிறது. உன் அத்தைக்கு முழங்கால் வலி. வாய்க்கு மட்டும் ஒரு குறையும் இல்லை.

உன் அம்மா போன் செய்திருந்தார். அந்த வாத்தியார் வீட்டில் மறுபடியும் உன்னைப் பெண் கேட்டார்களாம். என் வீட்டுக்காரர் கட்டின எஞ்சின் ஓடட்டும், அப்புறம் பாக்கலாம் என்று சொல்லிவிட்டாயாம். சம்பந்தியம்மா அழுதே விட்டார். மறுநாள் காலையில் லாரி நிற்கும் ஷெட்டைத் திறந்தேன். நம் பிள்ளை போனபிறகு நான் அந்தப் பக்கமே போகவில்லை. நீ இங்கே இருந்தவரை நீதான் போனாய்.

புது பேட்டரி, புது டீசல். லாரி வெள்ளைப் புகையைத் துப்பியதே தவிரப் பிடிக்கவில்லை. அழுத்தம் அளக்கும் கேஜ் வைத்துப் பார்த்தால் நாலு சிலிண்டரில் இரண்டில் பாதி அழுத்தம்கூட இல்லை. பிஸ்டன் ரிங்கைச் சரியாகப் போடாமல் போய்விட்டானே பாவி என்று வாய்விட்டுத் திட்டினேன். செத்துப்போன பிள்ளையைத் திட்டினேனம்மா.

பிறகு அந்த இரண்டிலும் கொஞ்சம் எண்ணெய் விட்டு மறுபடி பார்த்தேன். ரிங்கில் கோளாறு என்றால் எண்ணெய் அடைத்துக்கொண்டு முள் ஏறும். ஏறவில்லை. கசிவு வால்வில்தான்; அவன் போட்ட ரிங்கில் பழுதில்லை. ஸ்பேனரைக் கீழே போட்டுவிட்டு உட்கார்ந்து அழுதேன்.

எஞ்சினின் மேல்மூடியான ஹெட்டைக் கழற்றினேன். அந்த இரண்டிலும் ஒவ்வொரு வால்வு உட்காரும் இடம் துருப்பிடித்து அரித்திருந்தது. மற்றதெல்லாம் பளபளவென்று இருக்க, இது மட்டும் ஏன் என்று புரியவில்லை. உன் அத்தைதான் சொன்னாள். ஆஸ்பத்திரியில் படுத்துக்கொண்டு அவன் உன்னிடம், வாரம் ஒருதரம் எஞ்சினை ரெண்டு சுத்து சுத்திவிடு, இல்லன்னா இறுகிப் போயிடும் என்றானாம். நீயும் ஒரு வாரம் தப்பாமல் சுற்றி, எஞ்சின் முன்சக்கரமான புல்லியில் அவன் போட்ட வெள்ளைக் கோடு பழையபடி மேலே வந்ததும்தான் கையை எடுப்பாயாம். அவர் விட்டுட்டுப் போன மாதிரியே இருக்கட்டும் அத்தை என்பாயாம்.

அதுதான் வினை. எங்கே நிறுத்தினாலும் ஏதாவது வால்வு திறந்துதான் இருக்கும். ஒவ்வொரு தடவையும் இடம் மாற்றி நிறுத்தியிருந்தால் துரு தங்கியிருக்காது. ஒரே இடத்தில் நின்றதால் அதே இரண்டும் திறந்தே கிடந்து மழை ஈரத்தைக் குடித்திருக்கின்றன. உன்மேல் குற்றமில்லை. நீ சுற்றாதிருந்தால் எஞ்சினே இறுகிப்போயிருக்கும். இடத்தை மாற்றி நிறுத்தச் சொல்ல அவனுக்குத் தோன்றவில்லை. சொல்ல வேண்டிய நான் ஷெட்டுக்கே வரவில்லை.

வால்வைத் தேய்த்து உட்காரவைத்தேன். நேற்று எஞ்சின் முதல் அடியிலேயே பிடித்துக்கொண்டது. அத்தை வாசற்படியைப் பிடித்துக்கொண்டு கேட்டபடியே நின்றாள். நான் அணைக்கப் போனபோது, இன்னும் கொஞ்ச நேரம் ஓடட்டும் என்றாள்.

ஓடவில்லை என்று எழுதிவிடலாமா என்றுகூட யோசித்தேன். நீ இன்னொரு வீட்டுக்குப் போய்விட்டால் அவன் பேரைச் சொல்லி அழ எங்களுக்கு யார் இருக்கிறார்கள்? ஆனால் பொய் எழுத மனம் வரவில்லை.

ஓடுகிறதம்மா. இனி அந்தக் கோட்டை நீ மேலே கொண்டுவர வேண்டாம். அந்த வாத்தியார் வீட்டுப் பையனுக்குச் சரி என்று சொல். கல்யாணத்துக்கு இந்த லாரியிலேயே வருகிறோம். பெண் வீட்டார் பக்கம் எங்களுக்கும் இரண்டு நாற்காலி போடச் சொல்.

நீ நன்றாக இருக்க வேண்டும்.

மாமா