மங்களா குடித்த தண்ணீர்

16-12-91

காவிரிச் சண்டை பெங்களூரில் வெடிக்கும் என்று நான் ஆடியிலேயே சொன்னேன். கேட்கத்தான் ஆளில்லை. சமூகப்பணி படிக்கும் இரண்டு பேரைக் களப்பயிற்சிக்கென்று சென்னையில் எங்கள் மண்ணூர்பேட்டை மன்றத்துக்கு அனுப்பியிருக்கிறது கல்லூரி. மேற்பார்வை நான். எட்டாவது ஃபெயிலான என்னைப் பேராசிரியை வசந்தகுமாரி "சார்" என்கிறார். அனுபவத்துக்கு மரியாதை! உத்தமன் தஞ்சாவூர்; மங்களா கர்நாடகத்து மாண்டியா. ஒரே பெஞ்சில் ஆளுக்கொரு நுனி. ஒருவர் எழுந்தால் இன்னொருவர் விழுவார்.

17-12-91

பெங்களூரில் குடிசையைக் கொளுத்தியதும் பிள்ளைகளோடு இங்கே அண்ணன் வீட்டுக்கு ஓடிவந்த பஞ்சவர்ணத்தைப் பார்க்கப் போனோம். புருஷன் அப்பாவு அங்கேயே மாட்டிக்கொண்டான். உயிரோடு இருக்கிறானா, தெரியாது. சொம்பில் தண்ணீர் கொடுத்தாள். மங்களா வேண்டாம் என்றாள். போகிற வீட்டில் பச்சைத் தண்ணீர்கூடத் தொடக்கூடாது என்பது கல்லூரிச் சட்டம். உத்தமனும்தான் தொடவில்லை, அவனை யார் கேட்டார்கள்? மங்களாவுக்கு மாண்டியா என்று தெரிந்ததும் பஞ்சவர்ணம் சீறினாள்:

"இன்னாம்மே, ஆத்துலயும் தண்ணி உடமாட்டீங்க, நாங்க குடுத்தாலும் எறங்காதா? எய்ந்து போ!"

நான் போட்ட அதட்டலில் தெருவே அடங்கியது. (எனக்குத்தான் கொஞ்சம் தொண்டை கட்டியிருந்தது.)

18-12-91

உத்தமன்: "அவ வந்தா நான் வரமாட்டேன் சார்."

மங்களா: "நான் போகலேன்னா அவங்க வீட்டுக்காரரை யார் தேடறது? எங்கப்பா பெங்களூர்ல பஸ் கண்டக்டர். அட்ரஸ் கிடைச்சாப் போதும் சார்."

இருவருக்கும் சரி என்றேன். வேறெதற்கு மேற்பார்வை?

19-12-91

நானும் மங்களாவும் போனோம். வாசலிலேயே சொம்பைக் கேட்டு வாங்கினாள். என்னைப் பார்த்தாள். "குடிம்மா, சட்டத்த நான் பாத்துக்கறேன்" என்றேன், கணீரென்று. ஒரே மூச்சில் குடித்தாள். பஞ்சவர்ணம் அழுதுகொண்டே முகவரி சொன்னாள்.

எஸ்.டி.டி. பூத்தில் மங்களா தன் அப்பாவிடம் கன்னடத்தில் பேசப் பேச, வெளியே நாலு பேர் முறைத்தார்களாம். உத்தமன் போய்க் கதவை மறைத்து நின்றிருக்கிறான். ஏண்டா என்றால், "சும்மாத்தான் சார்."

24-12-91

அப்பாவு வந்துவிட்டான்! கண்டக்டர் அவனைத் தன் வீட்டிலேயே ஒளித்துவைத்து, ஓசூர் வரை கூட்டிவந்து விட்டிருக்கிறார். எல்லாம் என் ஏற்பாடு என்று தெருவுக்குச் சொல்லிவிட்டேன்.

28-12-91

பேராசிரியை வந்தார். பஞ்சவர்ணம் ஓடிவந்து, "எங்கூட்டு தண்ணி குடிச்ச பொண்ணும்மா இது!" என்று பூரித்தாள். போச்சு. சட்டத்தை மீறினால் களப்பயிற்சியில் ஃபெயில்.

"யார் குடிக்கச் சொன்னது?"

"நான்தாம்மா."

"அப்போ இனிமே உங்ககிட்ட பிள்ளைங்கள அனுப்பறதா இல்ல."

"சார்" போய்விட்டது. மங்களா ஏதோ சொல்ல வாயெடுத்தாள். உத்தமன் அவள் காலை மிதித்தான்.

பெண் பாஸ்.

பத்தொன்பதாம் தேதி நான் அந்த வீட்டுப் பக்கமே போகவில்லை. கொரட்டூரில் சீட்டாடிக்கொண்டிருந்தேன்.