நிறைமதிக்குப் போட்ட மாலை

2024 ஜூன் 5, புதன்

மாடித் தொட்டி நிரம்பி வழிந்து படியெல்லாம் தண்ணீர். போன் பேசிக்கொண்டே மோட்டாரை மறந்துவிட்டேன். கூப்பிட்டவர் குருபிரசாத். ‘வியாழன் பாதை’ டிவி தொடரின் டைரக்டர். அதை எழுதிய புண்ணியவதி நான். ஏழு வருஷம் ஆகிறது. ஒரு நாள் சேனலில் இருந்து "இந்த வாரத்தோடு போதும்" என்றார்கள், அதோடு சரி. என் கேப்டன் நிறைமதியின் கப்பல் அப்போதுதான் வியாழன் கிரகத்தின் பின்பக்கம் போயிருந்தது. பின்பக்கம் போனால் சிக்னல் வராது. சுற்றி வந்தால் வரும். அடுத்த வாரம் வரவேண்டியவள். அந்த அடுத்த வாரம் வரவே இல்லை.

இப்போது தொடர்ச்சியைச் சினிமாவாக எடுக்க ஒரு தயாரிப்பாளர் கிடைத்திருக்கிறாராம். முத்திருளன் என்று பெயர். உசிலம்பட்டியில் போர்வெல் லாரிகள் வைத்திருக்கிறார்.

"பூமியில ஓட்டை போடுறவர் ராக்கெட் விடப்போறாரா?" என்றார் சீதாராமன். என் கணவருக்கு வேலை வங்கியில், ஓவர்டைம் என்னைக் கேலி செய்வதில்.

சிரித்தேன். ஆனாலும் ஈரப் படியில் உட்கார்ந்து வெகு நேரம் வானத்தைப் பார்த்தேன். அவள் இன்னும் பின்பக்கத்தில்தானே இருக்கிறாள்?

ஜூன் 9, ஞாயிறு

குருவும் நானும் உசிலம்பட்டிக்குப் போய் வந்தோம். லாரி ஷெட்டிலேயே நாற்காலி போட்டு உட்கார வைத்தார் முத்திருளன். ஐம்பது வயதிருக்கும். அதிகம் பேசாத ஆள். ஆனால் தொடரை ஒரு வாரம் விடாமல் பார்த்திருக்கிறார். நான் மறந்துபோன வசனத்தைக்கூட அவர் சொன்னார்.

"கடைசி வாரம் அந்தப் பிள்ள போட்டோவுக்கு மாலையப் போட்டு முடிச்சீக பாருங்க டீச்சர்... செத்துப்போச்சுன்னு ஒருத்தர் வாய்ல இருந்து வரல. மாலை மட்டுந்தேன். அதுக்காகத்தேன் இந்தப் படமே எடுக்கேன்."

தலையாட்டினேன். குருபிரசாத் என்னைவிட வேகமாக ஆட்டினார்.

என்ன மாலை? நான் எந்த மாலையும் எழுதவில்லையே! திரும்பும்போது பஸ்ஸில் குருவிடம் கேட்டேன். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

ஜூன் 10, திங்கள்

பள்ளி திறந்துவிட்டது. பிளஸ் டூ பிள்ளைகளுக்கு முதல் பாடம் நடத்திவிட்டு, வீட்டுக்கு வந்ததும் கடைசி எபிசோடை இணையத்தில் தேடிப் பிடித்துப் பார்த்தேன். ஒளிபரப்பான அன்று இருந்த கோபத்தில் நான் டிவியையே போடவில்லை.

நிறைமதியின் கணவன் டிபன் பாக்ஸை எடுக்கிறான். செருப்பை மாட்டுகிறான். வேலைக்குக் கிளம்பிப் போகிறான். அவ்வளவுதான் நான் எழுதியது. ஆனால் பின்னால் சுவரில் அவள் போட்டோ. போட்டோவுக்கு மாலை. நெற்றியில் சந்தனம், குங்குமம். பளிச்சென்று தெரிகிறது. அதைப் பார்த்தால் பச்சைப் பிள்ளைக்கும் புரியும், அவள் உயிரோடு இல்லை என்று.

கீழே நூற்றுக்கணக்கில் கருத்துகள். ஒருவர் நீளமாக எழுதியிருக்கிறார்: ஒரு சொல் இல்லாமல் மரணத்தைச் சொன்ன மேதையாம் நான். என் மேதைமை எனக்கு இன்றுதான் தெரியும்.

ஜூன் 11

எழுதியவளுக்கே தெரியாமல் ஒருத்தி செத்திருக்கிறாள். இதற்கு யாரிடம் போய் அழுவது?

ஜூன் 15, சனி

விஷயம் தெரிந்துவிட்டது. அப்போது செட் சாமான்களைக் கவனித்துக்கொண்டவர் பேயாண்டி. இப்போது கல்யாண மேடை அலங்காரம் செய்கிறார். கேட்டதும் மளமளவென்று சொல்லிவிட்டார்.

"ஆயுத பூஜைக்கு மறுநா எடுத்த சீன்க்கா அது. மொத நா எல்லாத்துக்கும் சந்தனம் குங்குமம் வச்சோம்ல. கேமரா, லைட்டு, ராக்கெட் பட்டன், ஆக்சிஜன் சிலிண்டரு... ஒரு மாலை மிஞ்சிருச்சு. போட்டோ சும்மா இருக்கேன்னு அதுக்குப் போட்டேன். மறுநா அவசர அவசரமா எடுத்தாக. ராக்கெட்டுல இருந்ததத் தொடச்சுட்டேன். வீட்டு செட்டுலதான, குங்குமம் இருந்தா என்னன்னு விட்டுட்டேன்."

திட்டவும் முடியவில்லை. ஆயுத பூஜையன்று எங்கள் வீட்டில் மிக்ஸிக்கும் பொட்டு வைக்கிறேன், பிளஸ் டூ இயற்பியல் புத்தகத்துக்கும் வைக்கிறேன். அந்த மனுஷர் போட்டோவுக்கு வைத்தது என்ன தப்பு?

குருவுக்கு முன்பே தெரிந்திருக்கிறது. "விடுங்க மேடம். நமக்கு நல்லதாப் போச்சு. நிறைமதி இல்லை. மகள் வளர்ந்து அம்மாவைத் தேடிப் போறா. மகள் வேஷத்துக்கு மெட்ராஸ்ல ஒரு பெரிய நடிகைகிட்ட பேசியாச்சு" என்கிறார். நிறைமதிக்கு மகள் உண்டு என்பதும் எனக்குப் புதுச் செய்தி.

ஜூன் 30, ஞாயிறு

எழுத உட்கார்ந்தேன். எப்படிச் செத்தாள்? காற்றுத் தீர்ந்தது என்று எழுதினேன். எப்படித் தீரும்? அவள் போய்த் திரும்பும் வரைக்கும் போதுமான காற்றை நானே கணக்குப் போட்டு வைத்திருக்கிறேன். கப்பல் உடைந்தது என்றால் ஏன் உடைந்தது? ஒரு மாலைக்காகவா?

"நீ எழுதினவ. உனக்கே தெரியலைன்னா வேற யாருக்குத் தெரியும்?" என்றார் சீதாராமன். கேலி இல்லாமல்தான் கேட்டார். அதுதான் இன்னும் எரிச்சலாக இருந்தது. ஊரே செத்துவிட்டாள் என்று நம்பும்போது நான் மட்டும் சாகவில்லை என்றால் அது எந்த மூலைக்கு?

ஜூலை 7, ஞாயிறு

தமிழ்ச்செல்வியைப் பார்க்கப் போனேன். நிறைமதியாக நடித்தவள். தொடருக்குப் பிறகு நடிக்கவில்லை. உசிலம்பட்டியில் ஸ்கூல் வேன் ஓட்டுகிறாள். ஞாயிற்றுக்கிழமை என்று வேனைக் கழுவிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் ஹோஸைப் போட்டுவிட்டு ஓடி வந்து கையைப் பிடித்தாள். சினிமா என்றதும் முகம் அப்படி மலர்ந்தது. நிறைமதி இல்லை, வெறும் போட்டோதான் என்றதும் அணைந்துவிட்டது.

"போட்டோவா இருக்க நா எதுக்குக்கா? அதான் ஏற்கெனவே மாட்டி வச்சிருக்கீகளே."

உள்ளேயிருந்து அவள் அம்மா சீனியம்மாள் வந்தார். வா என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை.

"டிவில எம்மக படத்துக்கு மாலையப் போட்டுட்டீக. மறுநா காலைல தெருவே வந்து நிக்கிது. என்னாத்தா ஆச்சு, எப்படிப் போனான்னு துக்கம் விசாரிக்காக! ஒருத்தி ஒப்பாரியே வச்சுட்டா. இவ உள்ள இட்லி தின்னுக்கிட்டு இருக்கா. எனக்கு வகுத்தெரிச்சல் எம்புட்டு இருந்திருக்கும்?"

"நடிப்புதானே அம்மா" என்றேன். சொல்லியிருக்கக் கூடாது.

"உசுரோட இருக்குற பிள்ளைக்கு நடிப்புன்னாலும் மாலை போடுவாகளா? உங்க வீட்டுப் பிள்ளைக்குப் போடுவீகளா? அன்னைக்குச் சந்தை. இவள ஸ்கூட்டில பின்னாடி உக்கார வச்சு, இவ அண்ணன ஓட்டச் சொல்லி, சந்தையச் சுத்திச் சுத்தி வர விட்டேன். பாருங்கடி எம்பிள்ளைய, நல்லாப் பாருங்கடின்னு. ஆளக் கண்ணுல காட்டுனாத்தான நம்புவாக."

வாசலில் செருப்பை மாட்டும்போது தமிழ்ச்செல்வி மெதுவாகச் சொன்னாள்: "உசுரோட வந்தா சொல்லுங்கக்கா. சம்பளமே வேணாம், வாரேன்."

ஜூலை 8

இத்தனை வாரம் எழுதினேனே, நிறைமதிக்கு ஒரு அம்மாவை நான் எழுதவே இல்லை.

ஜூலை 21, ஞாயிறு

லொகேஷன் பார்க்க முத்திருளன் கூட்டிப் போனார். உசிலம்பட்டிக்கு மேற்கே மானாவாரிக் காடு, செம்மண், மழைக்குக் காத்துக் கிடக்கிறது. வேறு கிரகம் என்றால் யாரும் நம்புவார்கள். ஒரு மாடு மட்டும் நடுவில் நின்றுகொண்டு நகர மறுத்தது. நான் சந்தோஷமாகத்தான் இருந்தேன், அவர் வீட்டில் சாப்பிட உட்காரும் வரை.

சுவரில் அவர் மனைவியின் போட்டோ. பாண்டிமீனா. சந்தன மாலை. தொடர் முடிவதற்குக் கொஞ்ச நாள் முன்னால்தான் காய்ச்சலில் போயிருக்கிறார்.

"காரியம் முடிஞ்சு மறுநா வண்டிக்குப் போயிட்டேன் டீச்சர். கல்நெஞ்சக்காரன்னாக. எனக்கு உக்காந்து அழத் தெரியல. அப்பத்தேன் உங்க நாடகத்துல அந்தப் புருசங்காரன் மாலையப் போட்டுட்டு ஒண்ணும் பேசாம டிபன் பாக்ஸத் தூக்கிட்டுப் போறான். அட, நம்மள மாதிரி ஒருத்தன் இருக்கான்யான்னு இருந்துச்சு. அன்னைக்குத்தேன் அழுதேன்."

இதை இவரிடம் எப்படிச் சொல்வது? ஆயுத பூஜையில் மிஞ்சிய மாலை என்றா?

ஜூலை 22

தமிழ்ச்செல்விக்கு நிறைமதி வரவேண்டும். முத்திருளனுக்கு அவள் போயிருக்க வேண்டும். எனக்கு? எனக்கு என்ன வேண்டும் என்று யாராவது சொன்னால் தேவலை.

ஆகஸ்ட் 4, ஞாயிறு

இரண்டு கதை எழுதி வைத்திருக்கிறேன். ஒன்றில் செத்திருக்கிறாள், ஒன்றில் வருகிறாள். செத்த கதை நன்றாக வந்திருக்கிறது, அதுதான் கொடுமை. படித்துவிட்டு குருபிரசாத் கைகுலுக்கினார். இரண்டாவதைப் பாதிகூடப் படிக்கவில்லை. "மேடம், முத்திருளன் மனசு மாறிட்டா சினிமாவே இல்லை. வாயைத் திறக்காதீங்க, உங்களுக்குக் கோடிப் புண்ணியம்" என்றார்.

முத்திருளன் அழுதது நிஜம்தானே? மாலை தப்பாக விழுந்தது என்பதால் அழுகை தப்பாகிவிடுமா? ஆனால் அவருக்குத் தெரியாமல் அந்த அழுகையின் மேல் ஒரு சினிமாவைக் கட்டுவது... சீ, எனக்கு ஒன்றுமே புரியவில்லை. வெள்ளிக்கிழமை வகுப்பில் ஒளிவிலகலுக்குப் பதில் எதிரொளிப்பை நடத்திவிட்டு வந்திருக்கிறேன்.

ஆகஸ்ட் 18, ஞாயிறு

சொல்லிவிட்டேன்.

குருவிடம் சொல்லாமல் தனியாக டவுன் பஸ் ஏறிப் போனேன். லாரி ஷெட்டில் இருந்தார். முதல் முறையாக அண்ணே என்று கூப்பிட்டேன், அதிலேயே அவர் நிமிர்ந்து பார்த்தார். பேயாண்டி சொன்னதை அப்படியே சொன்னேன். நான் மாலை எழுதவில்லை என்றேன். நான் எழுதியவன் பொண்டாட்டி வந்துவிடுவாள் என்று நம்பித்தான் வேலைக்குப் போனான் என்றேன்.

பக்கத்தில் நின்ற லாரியின் முகப்பில் ஒரு காய்ந்த மாலை தொங்கியது. அதைப் பார்த்தார்.

"இந்தா, இப்படிப் போடுற மாதிரியா?"

"ஆமாண்ணே."

எழுந்து லாரிக்குப் பின்னால் போய்விட்டார். வெகு நேரம் உட்கார்ந்திருந்தேன். வரவில்லை. ஷெட்டில் வேலை பார்க்கிறவர்தான் என்னைப் பஸ் ஸ்டாண்டில் கொண்டுவந்து விட்டார். அழக்கூடாது என்று இருந்தேன். திரும்பும் வழியில் பஸ் செக்கானூரணி வரும்போது அழுதுவிட்டேன்.

ஆகஸ்ட் 20

குருபிரசாத் போனில் கத்தினார். "நல்லா இருந்த மனுஷன் நெஞ்சில ஏன் மேடம் மண்ணள்ளிப் போட்டீங்க?" சீதாராமன் போனை வாங்கி வைத்துவிட்டுக் காப்பி போட்டுக் கொடுத்தார். சர்க்கரை போட மறந்திருந்தார். குடித்துவிட்டேன்.

ஆகஸ்ட் 28, புதன்

இடைவேளையில் ஆசிரியர் அறையில் இருந்தபோது போன். முத்திருளன். பின்னால் போர்வெல் இறங்கும் சத்தம். அப்புறம் கேட்டார்:

"டீச்சர், அப்ப அந்தப் பிள்ள வந்துருமா?"

எனக்குப் புரியக் கொஞ்ச நேரம் பிடித்தது.

"வந்துடும்ணே. காற்று இருக்கு. கப்பலும் நல்லா இருக்கு. சுற்றி வரணும், அவ்வளவுதான்."

"மாலைய என்ன செய்வீக?"

"கழட்டணும். அவ அம்மா கழட்டுவாங்க."

மறுபடி போர்வெல் சத்தம்.

"இந்த ஏழு வருசமா ரெண்டு பேரும் போயிட்டாகன்னு இருந்தேன். சரி. ஒருத்தியாச்சும் வரட்டும். எழுதுங்க."

மணி அடித்துவிட்டது. வகுப்புக்குப் போகவில்லை. போகவே முடியவில்லை.

செப்டம்பர் 15, ஞாயிறு

மெட்ராஸ் நடிகை கழன்றுகொண்டார். குருபிரசாத்துக்கு முகம் தொங்கிவிட்டது. சின்ன சினிமாதான் இனி. முதல் காட்சி எழுதிவிட்டேன். எல்லோரும் நிறைமதி இல்லை என்று முடிவு கட்டிவிட்ட வீட்டுக்கு அவள் அம்மா வருகிறாள், சுவரைப் பார்க்கிறாள், மாலையைக் கழற்றுகிறாள்.

சீனியம்மாளிடம் கேட்டதற்கு, "நடிக்கல்லாம் எனக்குத் தெரியாது. மாலையக் கழட்டணும், அம்புட்டுத்தான? அத ஏழு வருசமா நெனச்சுக்கிட்டுத்தான இருக்கேன்" என்றார். தமிழ்ச்செல்வி வேனுக்கு மாற்று டிரைவர் தேடிக்கொண்டிருக்கிறாள்.

இன்னும் குழப்பம் தீரவில்லை. அந்தக் கணவன் இத்தனை நாள் கழித்து அவளைப் பார்த்ததும் என்ன பேசுவான்? தெரியவில்லை. முத்திருளனிடம் கேட்கத் தைரியம் இல்லை.

அக்டோபர் 12, சனி. விஜயதசமி

இன்று சினிமாவுக்குப் பூஜை, முதல் ஷாட். லாரி ஷெட்டுக்குள்தான் செட். நேற்றைய ஆயுத பூஜைச் சந்தனம் லாரிகளிலேயே காயவில்லை, அதற்குள் கேமராவுக்கும் லைட்டுக்கும் வைத்தாயிற்று. பேயாண்டிதான் இப்போதும் செட் சாமான்களுக்குப் பொறுப்பு. என்னிடம் இரண்டு தடவை கேட்டுவிட்டுத்தான் போட்டோவுக்கு மாலை போட்டார். தமிழ்ச்செல்வி அந்தப் பக்கம் பார்க்காமல் வெளியே போய் நின்றுகொண்டாள்.

சீனியம்மாள் உள்ளே வந்தார். நான் எழுதிய வசனம் ஒன்றைக்கூடச் சொல்லவில்லை. நேரே போய் மாலையைக் கழற்றினார், முந்தானையால் போட்டோவின் நெற்றியைத் துடைத்தார், "வாடி" என்றார். அவ்வளவுதான்.

"பிரமாதம்மா! வெளிச்சம் கொஞ்சம் பத்தல. மாலையைப் போட்டு இன்னொரு தடவை போயிரலாம்" என்றார் குருபிரசாத்.

"ஒருக்காக் கழட்டுனத மறுபடி மாட்டவா? வேற ஆளப் பாத்துக்கங்க" என்றார் சீனியம்மாள்.

குரு என்னைப் பார்த்தார். நான் முத்திருளனைப் பார்த்தேன். அவர் எழுந்து வந்தார். போட்டோவை ஆணியிலிருந்து இறக்கி, தோளில் கிடந்த துண்டை எடுத்து அதைச் சுற்றினார். மடியில் வைத்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தார்.

"வெளிச்சம் பத்துனது போதும் தம்பி. அடுத்ததுக்குப் போங்க."

சாயங்காலம் எல்லோரும் கிளம்பும்வரை அப்படியே வைத்திருந்தார்.