பாலத்து ஓட்டலில் உன் கல்

என் தங்கமான முனிராஜண்ணா,

இந்தக் கடிதத்தை ஃபேக்டரி வாசலில் ஒட்டப் போகிறேன், ஊரே படிக்கப் போகிறது. படிக்கட்டும். முக்கியமாகச் சித்தப்பா படிக்க வேண்டும்.

சீனா போய் வந்தேன். உன் ஓட்டலில் தங்கியும் வந்தேன். ஃபேக்ஸில் வந்த படத்தை ஆபீஸ் மேஜைக் கண்ணாடிக்கு அடியில் வைத்துக்கொண்டு, வருகிறவர் போகிறவர்களிடமெல்லாம் காட்டுவாயே, அதே ஓட்டல்தான். “இது ஓட்டலா, நம்ம டேமா முனிராஜு?” என்று மாங்காய் மண்டிக்காரர் கேலி பண்ணியது நினைவிருக்கிறதா?

நீ போன பிறகு இங்கே நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். காரியம் முடிந்த மறுவாரமே சித்தப்பா நம் கிரானைட் ஃபேக்டரிக்கு வந்து உன் நாற்காலியில் உட்கார்ந்தார். “கல்லு வாங்கறவன் உங்கண்ணன் கண்ண நம்பித்தான்மா வாங்கினான். அந்தக் கண்ணு ஒரு கல்லுலகூட தப்பினதில்ல. உனக்கு அது வருமா? பேசாம பெங்களூர் பார்ட்டிக்குக் குடுத்துட்டு பிள்ளைங்களப் பாரு” என்றார். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. ஆனால் வாயைத் திறக்க முடியவில்லை. ஏன் தெரியுமா? நானும் அப்படித்தான் நம்பினேன். உன் கண் எனக்கு வராது என்றுதான் நினைத்தேன் அண்ணா.

அந்த நேரம் பார்த்துச் சீனாவிலிருந்து செய்தி வந்தது. நீ கடைசியாகப் பார்த்து அனுப்பிய கறுப்புக் கல்லைத் தரையில் பதித்துவிட்டார்களாம். சில கற்களில் விரிசல் தெரிகிறதாம். நேரில் வந்து பதில் சொன்னால்தான் இரண்டாவது கட்டடத்துக்கும் நம்மிடம் கல் எடுப்பார்களாம். “இந்த ஆர்டர் கைவிட்டுப் போச்சுன்னா நானே கையெழுத்துப் போட்டுத் தரேன், வித்துக்கோங்க” என்று சித்தப்பாவிடம் சொல்லிவிட்டு, நம் சூப்பர்வைசர் சம்பங்கியைக் கூட்டிக்கொண்டு கிளம்பினேன்.

அட, என்ன இடம் அண்ணா அது! விமானம், அப்புறம் ரயில், அப்புறம் ஒரு பகல் முழுக்க மலைப் பாதையில் கார். கடைசிப் பகுதியில் ஆள் நடமாட்டமே இல்லை. இரண்டு மலைக்கு நடுவே ஒரு பாலம். அந்தப் பாலம்தான் ஓட்டலே. அறைகளெல்லாம் பாலத்துக்குள்ளே இருக்கின்றன. கட்டில்பக்கம் கண்ணாடி வழியாகப் பார்த்தால் கீழே ஆறு ஓடுகிறது. கூரை முழுக்கப் புல். “நம்ம ஊட்டு ஆடு ரெண்ட ஏத்தி வுட்டா போதும்க்கா” என்றான் சம்பங்கி. முதல் நாள் கட்டில் விளிம்பைப் பிடித்துக்கொண்டேதான் படுத்திருந்தான் பாவம்.

வாசலில் ஒரு கூத்து. கறுப்புக் கல் பளபளவென்று தெரிந்ததும் நானும் சம்பங்கியும் பேசிவைத்தது போல் செருப்பைக் கழற்றிவிட்டோம். பாலிஷ் போட்ட கல் மேல் எவன் செருப்போடு ஏறினாலும் நீ போடுகிற சத்தம் அப்படி. கோட்டு போட்ட காவல்காரர் எங்களுக்குக் காலில் ஏதோ அடிபட்டுவிட்டது என்று நினைத்துத் துணிச் செருப்போடு ஓடி வந்தார். வேண்டாம் என்றேன். நம் கிருஷ்ணகிரிக் கல், சில்லென்று பாதத்தில் பட்டது. அங்கேயே நின்று அழுதேன். நீ நடந்திருக்க வேண்டிய தரையில் நான் நடக்கிறேனே என்று அழுதேன்.

ஓட்டலைக் கட்டிய அம்மாவின் பெயர் லின். என் வயதுதான் இருக்கும், பார்வையிலேயே அளந்துவிடுகிற ஆள். இங்கிலீஷ் தெரிந்த பெண் ஒருத்தியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, நீளமான நடைவழியில் ஒவ்வொரு கோடாகக் காட்டினார். “இது விரிசல், இதுவும் விரிசல்.”

எனக்குக் குடிக்கத் தண்ணீர் வேண்டும் என்றேன். அந்த ஊரில் தண்ணீர் என்றால் வெந்நீர்தான். ஃபிளாஸ்க் நிறைய வந்தது. அதை வாங்கி அப்படியே தரையில் ஊற்றினேன். வேலைக்காரப் பெண்கள் அலறிக்கொண்டு துடைப்பத்தோடு வர, சம்பங்கி இரண்டு கையையும் விரித்து மறித்து நின்றான். பார்க்க வேண்டுமே நீ! “காயட்டும், அதுவரைக்கும் யாரும் தொடக்கூடாது” என்றேன். கல்லிலேயே ஓடுகிற வெறும் ரேகை என்றால் கல்லோடு சேர்ந்து காய்ந்துவிடும். விரிசல் என்றால் தண்ணீரைக் குடித்துக்கொண்டு கடைசிவரை ஈரமாக நிற்கும். நாள் தவறாமல் யார்டில் நீ செய்ததுதானே?

காய்ந்தது. அவர் காட்டிய கோடு ஒவ்வொன்றும் சுத்தமாகக் காய்ந்தது. லின் அம்மா குனிந்து விரலால் தடவிப் பார்த்துவிட்டுத் தலையாட்டினார். ஜெயித்துவிட்டோம் என்று நிமிர்ந்தபோதுதான் பார்த்தேன். அவர் காட்டவே காட்டாத ஒரு கல். சுவரோரமாக, கதவுக்குப் பக்கத்தில். அதில் நூல் மாதிரி ஓர் ஈரம் அப்படியே நின்றது.

சம்பங்கியும் பார்த்துவிட்டான். பதறினால் அவனுக்குக் கன்னடம் வந்துவிடுமே. “அக்கா, பேடக்கா, வேணாம். அவங்களுக்கே தெரியல. நீங்களா எதுக்கு வாயக் குடுக்கறீங்க? ஃபேக்டரி போயிடும்க்கா” என்று என் காதருகே கெஞ்சினான்.

நீயாக இருந்தால் என்ன செய்திருப்பாய்? தேறாத கல்லில் புள்ளி வைக்கிற சிவப்பு பெயிண்ட் டப்பாவை எடுத்துக்கொண்டு கிளம்பியிருப்பாய். என்னிடம் பெயிண்ட் ஏது? நெற்றியில் இருந்த ஸ்டிக்கர் பொட்டை எடுத்து அந்தக் கல்லின் நடுவில் ஒட்டினேன். “இது ஒண்ணு போச்சு. எடுத்துடுங்க. வேற அனுப்பறேன்” என்றேன். அந்தப் பெண் மொழிபெயர்த்து முடிக்கிற வரைக்கும் லின் அம்மா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் காலையில் ஆட்களை வைத்துக் கல்லைத் தூக்கினார்கள். பாலம் லேசாக அசையும் என்பதால் சிமெண்ட் போடாமல் இரும்புச் சட்டத்தில்தான் வைத்திருந்தார்கள். திருப்பிப் போட்டதும் பின்பக்கம் வெள்ளை பெயிண்டில் ‘மு’ என்று இருந்தது. நீ பார்த்துத் தேறிய கல்லுக்கு மட்டும் நீயே போடுகிற எழுத்து.

உன் கண் தப்பியிருக்கிறது அண்ணா!

சம்பங்கி ஆடிப்போய்விட்டான். எனக்கோ சிரிப்பு வந்தது. அடக்க அடக்கச் சிரிப்பு. திருட்டு அண்ணா, நீயும் தப்புவாயா? இதை ஏன் ஒருநாளும் என்னிடம் சொல்லவில்லை? நீ சாமி மாதிரி தப்பே பண்ணாதவன் என்று நம்பித்தானே இத்தனை மாதம் உன் நாற்காலிக்குப் பக்கத்தில் போகவே பயந்துகொண்டிருந்தேன்! நீ தப்பியும் இவ்வளவு தூரம் நடத்தியிருக்கிறாய் என்றால் என்னாலும் முடியும். அந்த ஈரக் கோட்டைப் பார்த்தது என் கண்தானே?

புறப்படும்போது லின் அம்மா இரண்டாவது கட்டடத்துக்கான ஆர்டரைக் கையில் கொடுத்தார். “நான் காட்டாததையும் காட்டினவங்ககிட்டத்தான் கல் வாங்கணும்” என்று சொன்னதாக அந்தப் பெண் சொன்னாள். என் நெற்றியைப் பார்த்துச் சிரித்தார். பொட்டைப் பத்திரமாக எடுத்து வைத்திருக்கிறாராம்.

வீட்டுக்கு வந்ததும் சித்தப்பா பேனாவோடு காத்திருந்தார். ஆர்டரைக் காட்டினேன். “சரிம்மா, ஆனா அவன் கண்ணு...” என்று ஆரம்பித்தார். “அந்தக் கண்ணும் தப்பிடுச்சு சித்தப்பா. நான் பார்த்தேன்” என்றேன். மனுஷர் பேனாவைச் சட்டைப் பையில் செருகிக்கொண்டு, காபியைக் குடித்துவிட்டுக் கிளம்பிவிட்டார்.

அண்ணா, ஃபேக்டரியை நான் விற்க மாட்டேன். இது சத்தியம். உன் நாற்காலியில் உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன். வெளியே புது ஆர்டரின் முதல் கல் காய்ந்துகொண்டிருக்கிறது. தேறினால் அதன் பின்பக்கம் நான் ‘நா’ என்று எழுதுவேன். நாளைக்கு என் கண்ணும் தப்பும். அன்றைக்கு என் எழுத்தை நானே திருப்பிப் போட்டுக் காட்டுவேன்.

உன் கல்லிலும் குறை கண்டுபிடித்த தங்கச்சி,
நாகு