எட்டுக் குழி நடந்தாயிற்று

நெட்டுக்குப்பம், எண்ணூர்
18-12-1947

அன்பு மகள் பிலோமினாவுக்கு அம்மா இருதயம்மாள் எழுதுவது. சர்வேசுரன் கிருபையில் இன்றுவரை எங்களுக்கு மூச்சுக்கும் சோற்றுக்கும் குறைவில்லை, அங்கே தங்கவயலில் நீயும் மாப்பிள்ளையும் வயிற்றுப் பிள்ளையும் சுகமாயிருக்கத் தேவமாதாவை வேண்டிக்கொள்கிறேன். வாசலில் உன் தங்கை சுகிர்தம் வந்து நிற்பதைப் பார்த்துப் பதறாதே, இங்கே யாரும் சாகவில்லை. முதலில் அவளுக்குச் சோறு போடு, பையில் கருவாடு இருக்கிறது, அவள் தூங்கின பிறகு இதைப் படி. உன் பிரசவத்துக்கு ஒத்தாசையாக அனுப்புகிறேன் என்றுதான் அவளிடம் சொல்லியிருக்கிறேன். உண்மையான காரணம் அவளுக்குத் தெரியாது, அதனால்தான் உறையைச் சோற்றுப் பருக்கை வைத்து இறுக்கி ஒட்டியிருக்கிறேன்.

கம்பெனிக்காரர்களின் பந்து மைதானம் உனக்கு ஞாபகம் இருக்கும், ஒரு பக்கம் கடல், ஒரு பக்கம் கழிமுகம், நடுவில் பச்சைப்பசேலென்று ஒன்பது குழி, குழிக்கு ஒரு கொடி. பார்க்க அழகுதான், யார் இல்லையென்றார்கள். கோலால் பந்தை அடித்து அடித்துக் குழியில் தள்ளுகிற விளையாட்டுக்காக நம் ஜனங்கள் வலை உலர்த்தின மணலை வளைத்துப் போட்டார்கள். நீ கல்யாணமாகிப் போன பிறகு யுத்தத்தில் பட்டாளம் அதை எடுத்துக்கொண்டது, கடலோர மணல்மேட்டில் பீரங்கி வைத்துச் சுட்டுப் பழகினார்கள், ஆகாயத்திலிருந்தும் குண்டு போட்டுப் பழகினார்கள். பூட்டிக் கிடந்ததை இப்போது திறக்கிறார்கள். வெள்ளைக்கார மேனேஜர் போய் நம் மனிதர் அந்த நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார், அவர் வருகிற ஞாயிற்றுக்கிழமை பெரிய மனிதர்களைக் கூப்பிட்டுப் பந்தயம் வைக்கிறார். அதற்கு முன்னால் களை பிடுங்க வேண்டும், பன்னிரண்டு பெண்கள் வேண்டும் என்று மேஸ்திரி ஜெயவேல் குப்பத்துக்கு வந்து பேர் எழுதினான். வூட்ல ஆம்பள யார்னா கீறாங்களா என்று ஒவ்வொருத்தியிடமும் கேட்டுக்கொண்டுதான் எழுதினான். அது ஏன் என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை. நானும் சுகிர்தமும் போனோம், பக்கத்து வீட்டுச் சொக்கம்மாளும் வந்தாள்.

நாளுக்கு ஒரு குழி என்று கணக்கு. நீளக் கயிற்றில் பன்னிரண்டு முடிச்சு போட்டு ஆளுக்கு ஒரு முடிச்சைப் பிடித்துக்கொண்டு, தலையில் ஈர மணல் கூடையோடு, பந்து அடிக்கிற மேட்டிலிருந்து கொடி வரைக்கும் வரிசையாக நடக்க வேண்டும். செருப்பு கூடாது, புல் கெட்டுப்போகுமாம். ஒரு கை கூடைக்கு, ஒரு கை கயித்துக்கு, களை புடுங்க இன்னொரு கைய உங்கப்பன் தருவானா என்று சொக்கம்மாள் முதல் நாளே மேஸ்திரியைக் கேட்டாள், எல்லாரும் சிரித்தோம். முள்ளு கால்ல குத்துனா நில்லு, குனிஞ்சி புடுங்கு, அப்பறம் நட, அவ்ளோதான் என்றான் அவன். சவுக்கு நிழலில் முதல் குழி, கழிமுகத்து ஓரமாய் இரண்டாவது, இரண்டும் பேச்சும் சிரிப்புமாகப் போயிற்று. கொடியண்டை போனதும் கூடை மணலைக் கொட்டச் சொன்னார்கள், கொட்டினோம், அதை யாரும் எங்கேயும் நிரவவில்லை. மறுநாள் மறுபடியும் ஈர மணல், மறுபடியும் வெறுமனே கொட்டல். மண்ண தூக்கினு போய் மண்ல கொட்றோமே, இன்னா வேலடி இது என்றாள் சொக்கம்மாள். மூன்றாம் குழியில் வட்டம் வட்டமாய்ப் பள்ளங்கள் இருந்தன, பள்ளத்தில் மட்டும் புல் கறுத்துத் தழைத்திருந்தது, நாலு மாசமாய்த் தரிசு மேய்கிற மாடுகூட அதில் வாய் வைக்கவில்லை. நாலாம் குழியில்தான் போன ஐப்பசியில் அமீர் பாயின் ஆடு இடி விழுந்து செத்தது என்றார்கள். அன்றைக்கு மழையே இல்லை. கம்பெனி அவருக்கு ஒரு ஆட்டுக்கு இரண்டு ஆடு வாங்கிக் கொடுத்தது, நம் எண்ணூரில் எந்த முதலாளி ஒன்றுக்கு இரண்டாகக் கொடுத்துப் பார்த்திருக்கிறாய்.

ஐந்தாம் குழியிலிருந்து யாரும் பேசவில்லை. பேசக் கூடாதென்று ஒருவரும் சொல்லவில்லை, வாய் தானாக மூடிக்கொண்டது. நல்ல வெயில், தூரத்தில் ஆலைச் சங்கு, அலைச் சத்தம், பன்னிரண்டு பேரின் காலடி மட்டும். வழக்கமாக எங்கள் முதுகுக்குப் பின்னாலேயே வந்து கத்துகிற ஜெயவேல் அன்றைக்குப் பக்கத்தில் இல்லை. திரும்பிப் பார்த்தேன், வெகுதூரத்தில் பங்களாச் சுவருக்குப் பின்னால் தலை மட்டும் தெரிந்தது, துரை விட்டுப்போன தூரக்கண்ணாடியைக் கண்ணில் வைத்திருந்தான். ஆறாம் குழியிலும் அதே சுவர், அதே கண்ணாடி. ஏழாம் குழியில் கடல் மணலாயிருந்தும் ஒரு நண்டு வளைகூட இல்லை. அங்கே நடக்கும்போதுதான் கயிற்றின் வழியே இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் முகங்களைப் பார்த்தேன். பன்னிரண்டு பேரில் ஒன்பது பேர் விதவைகள், மூன்று பேர் அப்பன் இல்லாத பெண்கள். நாங்கள் இல்லாமல் போனால் வந்து கேட்க ஒரு ஆண்பிள்ளை இல்லாத வீடுகளாகப் பொறுக்கியிருக்கிறான். தலையில் மணல் எதற்கு என்று அப்போது விளங்கியது. வெறுந்தலையோடு பெண்பிள்ளை நடந்தால் பூமி அழுந்தாது, ஞாயிற்றுக்கிழமை வருகிற பெரிய மனிதரின் கனம் வேண்டும்.

எட்டாம் குழியில் பாதி வழியில் என் வலது காலடியில் புல்லுக்குள் ஏதோ தட்டுப்பட்டது, கவிழ்த்த சட்டியின் அடி மாதிரி, குளிர்ந்து. நின்றுவிட்டேன். கயிறு இழுபட்டு அத்தனை பேரும் நின்றார்கள். ஏய், இன்னாடி அங்க என்று ஜெயவேல் தகரக் குழாய் வைத்துக் கத்தினான், முள்ளு என்று சொல்லிக் காலை எடுத்தேன், எடுத்த காலை எங்கே வைப்பது என்று தெரியாமல் கொஞ்ச நேரம் நின்றேன் பிலோமி, அதை எழுத்தில் சொல்ல முடியாது. யாரிடமும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. மறுநாள் நான் நின்ற அந்த இடத்தில் ஒரு சிவப்புத் துணி நட்டிருந்தது, காக்கிக்காரர் நாலு பேர் குப்புறப் படுத்து மண்ணைக் கையால் அள்ளிக்கொண்டிருந்தார்கள், மத்தியானத்துக்குள் தோண்டின பள்ளத்தை மூடிப் புல் ஒட்டிவிட்டார்கள். உன் வீட்டுக்காரரும் பூமிக்குள் இறங்குகிறவர்தான், ஆனால் இறங்குகிறோம் என்று அவருக்குத் தெரியும், தலையில் விளக்காவது கொடுக்கிறார்கள். எங்களுக்குக் களை என்றல்லவா சொன்னார்கள்.

நாளை மறுநாள், சனிக்கிழமை, ஒன்பதாம் குழி. பீரங்கி சுட்ட மணல்மேட்டை ஒட்டி, கடலோரமாக, அதுதான் எல்லாவற்றிலும் அழகு. நடு முடிச்சுகளைச் சின்னப் பெண்கள் பிடிக்கட்டும் என்று ஜெயவேல் சொன்னான். பெரியவளுக்குப் பேறுகாலம், சுகிர்தத்தை விடு என்று கேட்டேன், முடிச்ச காலியா வுட முடியாது, சொக்கம்மா பொண்ணு குப்பம்மாவ இட்டுகினு வா என்றான், சொக்கம்மாள் பக்கத்தில்தான் நின்றாள். வீட்டுக்கு வருகிற வழியில் அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். முதலில் சிரித்தாள். பிறகு உப்புப்பாத்தி தாண்டினதும் என் கையைப் பிடித்து நிறுத்தினாள். உம்பொண்ணு ரயில் ஏறும், எம்பொண்ணு முடிச்ச புடிக்கணுமா இருதயம் என்று கேட்டாள். கொஞ்சம் நடந்துவிட்டு அவளே சொன்னாள், நின்னா தானே துணி நடுறானுங்கோ, நிப்போம்டி, அடிக்கு அடி நிப்போம், அத்தினி பேரும் முள்ளு முள்ளுன்னு கத்துவோம், எத்தினி துணி வச்சிகினு கீறான் பாப்போம் என்று. மற்றவர்களிடமும் சொல்லிவிட்டோம், எல்லாரும் சரியென்றார்கள். குப்பம்மாவுக்குக் காய்ச்சல் என்று சொல்லப் போகிறோம், அந்த முடிச்சையும் சேர்த்து இரண்டு முடிச்சுக்கு நடுவில் நான் நிற்பதாகச் சத்தியம் செய்திருக்கிறேன். ஒன்பதாம் குழி முழுக்கச் சிவப்புத் துணி ஆகட்டும், ஞாயிற்றுக்கிழமை வருகிறவர்கள் அதன்மேல் ஏறி ஆடிக் காட்டட்டும். ஆனால் நிற்பதற்கு முன்னால் முதல் அடியை வைத்தாக வேண்டும். அது எனக்குத் தெரியாமல் இல்லை.

திங்கட்கிழமைக்குள் என் கார்டு வந்தால் நல்லது. கார்டுக்குப் பதில் தந்தி வந்தால், யார் பேரில் வந்தாலும், என்ன எழுதியிருந்தாலும், இவளை இங்கே அனுப்பாதே, நீயும் இந்த வயிற்றோடு புறப்படாதே. குளிரில் ஈரத் தலையோடு நிற்காதே. மாப்பிள்ளையைக் கேட்டதாகச் சொல். அந்தோணியார் உங்கள் எல்லாருக்கும் காவலாக இருப்பாராக. இன்னொன்று, இவளுக்கு ஒன்றும் தெரியாது என்று மேலே எழுதினேன். நேற்றுக் காலை எழுந்து அடுப்பண்டை போகும்போது, நம் வீட்டு மண் தரையில்தான், கட்டைவிரலால் தொட்டுத் தொட்டுப் பார்த்துவிட்டு ஒவ்வொரு காலாக வைத்தாள். அங்கேயும் அப்படி நடந்தால் ஏன் என்று கேட்காதே. கையைப் பிடித்துக்கொண்டு நீ முன்னால் நட.

இப்படிக்கு,
உன் அம்மா
சி. இருதயம்மாள்