நீலமாக ஒளிர்ந்த கத்தி

கந்தசஷ்டி மூன்றாம் நாள்

இன்னும் சிரிப்பு அடங்கவில்லை.

இன்று பத்தாம் வகுப்புக்கு லூமினோல் காட்டினேன். இரத்தம் பட்ட இடத்தில் தெளித்தால் இருட்டில் நீலமாக ஒளிரும் மருந்து அது. கொலை நடந்த வீடுகளில் பொலிஸ் பாவிப்பது. சோதிக்க இரண்டு கத்திகள். சாட்டிக் கடற்கரை மீன்காரரின் கத்தி ஒன்று. இரத்தமே படாத கத்தி என்று, சுத்த சைவமான சங்கீத ரீச்சர் தன் குசினியிலிருந்து தந்தது மற்றது. யன்னல்களைச் சாக்கால் மூடிவிட்டுத் தெளித்தேன். இரண்டுமே ஒளிர்ந்தன!

"ரீச்சர், சஷ்டியிலயும் மீனோ?" என்று பக்கத்தில் நின்ற சங்கீத ரீச்சரிடம் கேட்டாள் ஒரு பிள்ளை.

அவருக்கு அழுகை வந்துவிட்டது. "முருகன் சத்தியமா நான் முள்ளங்கிதான் வெட்டினனான்!"

அப்போதுதான் எனக்கு உயிர் வந்தது. முள்ளங்கிச் சாறும் லூமினோலை ஒளிர வைக்கும், நான்தான் மறந்துபோனேன். ஒளி சந்தேகம் மட்டுமே, தீர்ப்பு இல்லை என்று விளங்கப்படுத்தினேன். பிள்ளைகள் கைதட்ட, ரீச்சரும் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார்.

வீட்டில் இவரிடம் சொன்னேன். இவரும் சஷ்டி விரதம்தான். ஆனால் சிரிக்கவில்லை.

"அந்த மருந்தை இஞ்ச கொண்டு வந்தனீரோ?"

"ஓம், போத்தில்ல மிச்சம் இருக்கு."

இப்போது குசினியில் கத்தி தேய்த்துக் கழுவும் சத்தம் கேட்கிறது. கழுவினாலும் ஒளிரும் என்பதை நான் இன்னும் சொல்லவில்லை.