கணப்போரம் வைத்த வயலின்

கோடைக்கானல் விடுதி மண்டபத்தில் இன்று கணப்பு மூட்டியிருந்தார்கள். யூகலிப்டஸ் கட்டை எரியும் வாசனை மூக்கில் ஏறியதும், மேடைப் பேச்சைக் கேட்பதை விட்டுவிட்டு மனதுக்குள் உன்னிடம் பேச ஆரம்பித்துவிட்டேன்.

உலக இளையோர் செவ்வியல் இசைப் போட்டிக்கு நம் நாட்டுக் குழு புறப்படுகிறதாம். வாசிக்க இரண்டு பிள்ளைகள், கூடப் போக ஒன்பது நிர்வாகிகள். ஒன்பது பேருக்கும் மாலை போட்டு முடிவதற்குள் பிள்ளைகளின் பெயர் மறந்துபோய், சீட்டைப் பார்த்து வாசித்தார்கள். தலைவர் அதே ஆள்தான். இருபது வருடத்தில் தொப்பை மட்டும் முன்னேறியிருக்கிறது.

அன்றும் இதே மண்டபம். அதே போட்டிக்கான கடைசித் தேர்வில் நீ வயலின், நான் பியானோ, இடம் ஒன்றே ஒன்று. பெரும்பாறையிலிருந்து பஸ்ஸில் மடியிலேயே வைத்துக் கொண்டுவந்த வயலினை மேஜையில் வைத்தாய்.

"பாத்துக்க புள்ள, கையக் கழுவிட்டு வெரசா வந்துர்றேன்."

கீழே சமவெளியிலிருந்து வந்திருந்த இதே தலைவர் மேதை வயலினைத் தொட்டுப் பார்த்து, "சில்லுனு இருக்கே, கொஞ்சம் காயட்டும்" என்று கணப்போரம் சாய்த்துவைத்தார், ஈரச் சாக்ஸைக் காயப்போடுவதுபோல. பனியில் ஊறிய மரத்துக்குத் திடீர்ச் சூடு ஆகாது என்பது மலையில் வாசிக்கிற எவருக்கும் தெரியும். நான் வாயைத் திறக்கவில்லை.

நீ வருவதற்குள் பசை விட்டு மேல்பலகை பிளந்தது. தந்திகளைத் தாங்கும் சின்னக் கட்டை தெறித்து என் காலடியில் விழுந்தது.

"கருவியையே ஒழுங்கா வெச்சுக்கத் தெரியல. இவளை அனுப்பினா நாட்டு மானம் என்ன ஆகும்?" என்றார், கூசாமல்.

நீ அவரைப் பார்க்கவில்லை. "நீ இங்கனதான நின்ன? யாரு எடுத்து அங்க வச்சா?" என்று என்னைக் கேட்டாய்.

"கவனிக்கல புள்ள" என்றேன்.

நான் போனேன், முதல் சுற்றிலேயே தோற்றேன். நிர்வாகிகள் ஊர் சுற்றிப் பார்த்துத் திரும்பினார்கள். நீ மறுபடி வயலினைத் தொடவேயில்லை. போன மாசியில் நீ செத்ததுகூட யாரோ சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது.

இன்று எனக்கும் ஒரு பொன்னாடை, 'மலையின் பெருமை' என்று. பேசச் சொன்னார்கள். அன்று காலடியிலிருந்து எடுத்து இத்தனை வருடமும் கைப்பையில் வைத்திருந்த அந்த வயலின் கட்டையைக் காட்டி, உன் பெயரைச் சொன்னேன். "அவள் வயலினை நெருப்போரம் வைத்தவர் இதோ இவர். பார்த்துக்கொண்டு நின்றவள் நான்" என்றேன்.

பேச்சு முடிந்ததென்று கைதட்டினார்கள். ஒருவர் காதிலும் விழவில்லை. தலைவர்தான் எல்லோரையும்விடப் பலமாகத் தட்டினார்.

கட்டையைத் திரும்பப் பைக்குள் போட்டுக்கொண்டேன். அதைக் கொடுத்திருக்க வேண்டியது உன்னிடம்.