மோட்டார் சீல் மாற்றும் முறை: மூன்றாம் வரைவு

அன்புள்ள பெரியவனுக்கு அம்மா எழுதுவது. வீட்டில் மூவரும் சுகமாக இருக்கிறோம், உன் இருமல் விட்டதா இல்லையா என்று இனியாவது கேட்க வைக்காமல் நீயே சொல். முதலில் உறுதியான செய்தி. உன் தங்கையின் மூன்றாவது வரைவைச் சோதனைக்கு எடுத்துக்கொண்டார்கள். நேற்று மாலை நாலே காலுக்குப் பட்டறை ஆசிரியர் தாளின் மூலையில் கையெழுத்துப் போட்டிருக்கிறார். கையெழுத்தை நானே பார்த்தேன். மீதியை அவள் உள்ளங்கையால் மறைத்துக்கொண்டாள். மறைத்ததில் நியாயம் இருக்கிறது.

நீ போன பிறகு நடந்தது என்பதால் முதலிலிருந்து சொல்கிறேன். பாலிடெக்னிக்கில் கடைசி வருடம் ஒவ்வொருவரும் ஒரு வேலையைச் செய்யும் முறையை எழுதித் தர வேண்டும். அவளுக்கு வந்தது தண்ணீர் மோட்டாரில் கசிவைத் தடுக்கும் சீல் தேய்ந்தால் அதை மாற்றுவது. ஆசிரியர் அதைப் படித்து மார்க் போடுவதில்லை, மோட்டாரைத் தொட்டே பார்க்காத வேறு பிரிவு மாணவர் கையில் தாளைக் கொடுத்து, அதில் உள்ளபடி மட்டும் செய்யச் சொல்வார். மூன்று தடவைக்குள் தேறாவிட்டால் தொழிற்சாலைப் பயிற்சி கிடையாது, ஒரு வருடம் போய்விடும். முதல் வரைவை வேண்டாவெறுப்பாகத்தான் எழுதினாள். மெஷின் படிக்கிறவளுக்கு எழுத்து எதற்கு, கைக்கு வேலை தெரிந்தால் போதாதா என்று என்னோடு மல்லுக்கு நின்றாள். தண்ணீரின் அருமை பெருமைகளை ஒன்றரைப் பக்கம் ஓட்டியிருந்தாள், சோதனைக்கு வந்தவர் அது முடியும்வரை ஸ்பானரோடு நின்றாராம். இரண்டாவது வரைவு, மறைப்பானேன், நான் எழுதியது. முப்பத்திரண்டு வருடம் நிருபராக இருந்த பழக்கத்தில் முக்கியமானதை முதல் வரியில் வைத்தேன்: சீல் மாற்றிய மோட்டார் சொட்டாமல் ஓட வேண்டும், ஸ்விட்சைப் போட்டுச் சரிபார்க்கவும். மின் இணைப்பைத் துண்டிக்கும் விஷயம் பின்னணித் தகவலாக ஐந்தாம் பத்திக்குப் போய்விட்டது. கட்டடப் பிரிவு மாணவி ஒருத்தி முதல் வரிப்படி ஸ்விட்சைப் போட்டாள், இரண்டாம் வரிப்படி மூடியில் கைவைக்கப் போனாள். ஆசிரியர் மெயினை அணைத்துவிட்டார், யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. தாளின் அடியில், "இதை எழுதியவர் யாரென்று கேட்கமாட்டேன். அவரை மோட்டார் பக்கம் விட வேண்டாம்" என்று எழுதி அனுப்பினார். அதன்பின் மூன்று நாள் உன் அப்பா என்னைக் கண்டாலே ஸ்விட்ச் போர்டுக்குக் காவல் நின்றார்.

நான் திட்டு வாங்கத் தயாராக இருந்தேன். அவள் திட்டவில்லை. சாப்பிடும்போது தட்டைப் பார்த்துக்கொண்டே, "நீ எழுதினா படிக்க நல்லா இருக்கும்மா, செய்யத்தான் முடியல. அந்தப் பொண்ணு கை போயிருந்தா என் தாளை நம்பித்தானே போயிருக்கும்" என்றாள். மறுநாளே பின்பக்கம் கிடந்த பழைய மோட்டாரை ஹாலுக்கு இழுத்துவந்து, அப்பாவை எதிரில் உட்காரவைத்தாள். கேள்வி கேட்கக்கூடாது, எழுதியதை மட்டும் செய்ய வேண்டும் என்று கட்டளை. அவருக்குச் சொல்லவா வேண்டும். உள்ளே இருக்கும் விசிறியை இடது கையால் பிடித்துக்கொள்ளவும் என்று இருந்தது, விடச் சொல்லும் வரி எங்கும் இல்லை. டீ ஆறி ஆடை கட்டியது, மனிதர் விடவில்லை. "எழுதினவங்க இன்னும் விடச் சொல்லலையே" என்றார். உன் தங்கை பழைய ஆளாக இருந்தால் தாளைக் கிழித்துவிட்டுப் போயிருப்பாள். சிரித்துக்கொண்டே அந்த வரியை அடித்துத் திருத்தினாள், மறுபடி உட்காரச் சொன்னாள். நான் எண்ணியவரை பதினோரு முறை. படிக்கிறவர் கையில் இப்போது என்ன இருக்கிறது என்று தெரியாமல் அடுத்த வரியை எழுதக்கூடாதாம், எனக்கே பாடம் எடுக்கிறாள். கேட்டுக்கொண்டேன், வேறு வழி?

நீ வேளைக்குச் சாப்பிடு, அரை வரியில் செய்தி அனுப்பி எங்களை ஊகிக்க வைக்காதே. எடுத்த காரியமெல்லாம் கைகூடி நீ நிறைவாக இருக்க வேண்டும் என்பதுதான் எங்கள் இருவரின் ஆசியும். அவளுக்கு வியாழன்வரை போன் செய்யாதே, காரணம் இருக்கிறது. கையெழுத்தான தாளையே இன்று காலை திருப்பிக் கேட்டிருக்கிறாள், ஒன்பதாவது படியில் போல்டை எவ்வளவு இறுக்குவது என்பது சரியாக வரவில்லையாம். ஏற்றுக்கொண்டதை ஏன் கிளறுகிறாய் என்று ஆசிரியர் கேட்டதற்கு, "நீங்க ஏத்துக்கிட்டீங்க சார், ஆனா அது தெரிஞ்சவங்களுக்குத்தான் புரியும்" என்றாளாம். புதன் மதியம்வரை நேரம் கொடுத்திருக்கிறார். தாளைப் பிடித்துச் செய்யப்போவது யார் என்று இன்னும் அறிவிக்கவில்லை. சோதனை வியாழன் காலை பத்து மணிக்கு, பதினொன்றுக்குள் தெரிந்துவிடும்.

உன் அம்மா